அமெரிக்கக் கறுப்பின வரலாறு: லிங்கனை விட்டு வேறு எங்கிருந்து தொடங்கலாம்?

வியாசர்பாடி வாசகி கேட்கிறார்:

வணக்கம். எங்கள் தெருவில் ஞாயிறு சாயந்திரம் மொட்டை மாடியில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள், கொஞ்சம் பிளஸ் டூ பிள்ளைகள், அப்புறம் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ரிட்டயரான ஒரு பெரியவர். பிப்ரவரி கூட்டத்துக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு என்று முடிவு செய்திருக்கிறோம்.

போன கூட்டத்தில் முன்னோட்டமாக ஒரு பையன் பேசினான். கப்பலில் கொண்டுவந்தார்கள், பருத்தி எடுக்க வைத்தார்கள், லிங்கன் விடுதலை செய்தார், நூறு வருஷம் கழித்து மார்ட்டின் லூதர் கிங் வந்தார். பத்து நிமிஷத்தில் கதை முடிந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண், பி.காம் இரண்டாம் வருஷம், அதிகம் பேசாதவள், எழுந்து கேட்டாள்: "அப்போ நாற்பது லட்சம் பேரும் லிங்கன் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டா இருந்தாங்க?"

கலகங்களின் பட்டியல் எனக்குத் தெரியும். 1739 ஸ்டோனோ, 1811 லூசியானா, 1831 நாட் டர்னர். ஆனால் அந்தப் பட்டியலை வாசித்தால் "எழுந்தார்கள், தூக்கிலிட்டார்கள்" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு வேண்டியது சாதாரண ஆட்கள். பேர் உள்ள ஆட்கள். அவர்கள் விட்டுப்போன தாள், கையெழுத்து, குரல் ஏதாவது இருந்தால் பிள்ளைகளிடம் நேராகக் காட்ட வேண்டும். இலவசமாக இருக்க வேண்டும், ஃபோனில் திறக்க வேண்டும். இங்கிலீஷ் எங்கள் பிள்ளைகளுக்குச் சுமார்தான். யாராவது வழி சொல்லுங்கள்.

நூலக நடைவாசி:

கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் அமெரிக்க வரலாற்று அலமாரிகளைப் பாருங்கள், கொஞ்சம் கிடைக்கும். நேரடி ஆதாரம் என்றால் இணையம்தான்.

பிப்ரவரி ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் ஒரு தகவல். அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926-ல் அதை ஒரு வாரமாகத்தான் தொடங்கினார். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1912-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். லிங்கனின் பிறந்தநாள் பிப்ரவரி 12. அடிமைமுறையில் இருந்து தப்பி, அதை ஒழிக்கப் பேசியும் எழுதியும் வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டது பிப்ரவரி 14. "வைத்துக்கொண்டது" என்று சொல்லக் காரணம், அடிமையாகப் பிறந்த அவருக்குத் தான் பிறந்த தேதி தெரியாது. இரண்டு நாளும் வரும் வாரத்தை வுட்சன் எடுத்தார். 1976-ல் அது மாதமாக ஆனது.

ரிட்டயர்ட் கேஷியர், அடையாறு:

அம்மா, அந்த பி.காம் பெண்ணின் கேள்வியையே கூட்டத்தின் தலைப்பாக வையுங்கள். வேறு தலைப்பு வேண்டாம்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. ஒரு வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்தே ரிட்டயரானவன். மகள் மேரிலாந்தில், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். பேரன் பிறந்த சமயம் நானும் மனைவியும் போயிருந்தோம். அவள் சமையலறையை எடுத்துக்கொண்டாள், குழந்தையையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு அங்கே என்ன வேலை? மெட்ரோ பிடித்து ஊரைச் சுற்றுவேன். அப்படித்தான் ஒருநாள் வெள்ளை மாளிகைக்கு எதிரே, லஃபாயெட் சதுக்கத்தின் ஓரத்தில், கருவூலத் துறையின் பழைய கட்டடம் ஒன்றில் "ஃப்ரீட்மன்ஸ் பேங்க்" என்ற பெயரைப் பார்த்தேன். பேங்க் என்று எங்கே எழுதியிருந்தாலும் நின்று படிக்காமல் என்னால் நகர முடியாது.

1865 மார்ச் 3-ஆம் தேதி லிங்கன் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய வங்கி அது. விடுதலையான கறுப்பின மக்களும் கறுப்பினச் சிப்பாய்களும் பணம் போட்டுவைப்பதற்காக. பிறகு 37 கிளைகள் வரை வந்தது. அந்தக் கட்டடம் இருக்கும் இடத்தில்தான் தலைமை அலுவலகம் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மருமகனின் லேப்டாப்பில் தேடினேன். அந்த வங்கியின் கணக்குத் திறக்கும் பதிவேடுகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒரு லாகின் மட்டும் போட வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்ததும் எனக்குப் பழக்கமான முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நாம் கே.ஒய்.சி. என்று வாங்குகிறோமே, அதேதான். பெயர், வயது, நிறம், எங்கே பிறந்தார், எங்கே வளர்ந்தார், இப்போது எங்கே குடியிருக்கிறார், என்ன வேலை, யாரிடம் வேலை. அப்புறம் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை. தொடக்க காலத் தாள்களில் பழைய எஜமானனின் பெயர், எந்தத் தோட்டம் என்பதும் உண்டு.

ஒரு சேமிப்புக் கணக்குக்கு எதற்கு அண்ணன் தங்கை பெயரெல்லாம்? கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்கு உடனே புரியும். வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. படிக்கக் கற்றுக்கொடுப்பதையே பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. அடுத்த தடவை பணம் எடுக்க வருகிறவர் அதே ஆள்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது? குடும்பத்தைக் கேட்டால் அந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்த பதில் வரும். ஏதோ ஒரு குமாஸ்தா தன் வேலைக்காகக் கேட்ட கேள்வி, ஒரு குடும்பத்தின் முழு வரைபடமாக நின்றுவிட்டது. சில பதிவுகளில் அண்ணன் பெயருக்கு எதிரே, இன்ன மாநிலத்துக்கு விற்கப்பட்டார் என்று இருக்கும். சிலதில் அப்பா பெயர் மட்டும், அவர் எங்கே என்பது காலி.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் இதற்கு முந்தைய தாளைப் பார்க்க வேண்டும். 1850-லும் 1860-லும் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் பெயர் இருக்கும், உரிமையாளரின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். 35, ஆண், கறுப்பு. 30, பெண், கறுப்பு. 4, பெண், கறுப்பு. இது குடும்பமா, வெவ்வேறு சந்தையில் வாங்கிய மூன்று பேரா என்று தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. விடுதலைக்குப் பிறகு 1870-ல் எடுத்த கணக்கெடுப்பில்தான் அத்தனை பேரும் பெயரோடு வருகிறார்கள். தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் அதை "1870 சுவர்" என்கிறார்கள். பின்னோக்கிப் போனால் அங்கே முட்டிக்கொள்கிறது. வங்கிப் பதிவேடு அந்தச் சுவரில் இருக்கும் சில ஓட்டைகளில் ஒன்று.

அந்த 1860 அட்டவணையை முழுசாகப் பிள்ளைகளிடம் காட்டுங்கள், ஒரு காரணத்தோடு. வயது, நிறம் தாண்டி வலது பக்கம் ஒரு பத்தி இருக்கும். மாநிலத்தை விட்டு ஓடிப்போனவர்கள் எத்தனை என்று எழுதுவதற்கான பத்தி. அரசாங்கப் படிவத்தில், அச்சடித்தே! ஓடுவது அபூர்வமாக இருந்தால் அதற்கென்று ஒரு பத்தி ஒதுக்குவார்களா? படிவம் வடிவமைக்கிறவனுக்கு இடம் எவ்வளவு அருமை என்று எனக்குத் தெரியும். "கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்" என்ற கேள்விக்கு எஜமானர்களே கொடுத்த வாக்குமூலம் அது.

லிங்கன் விஷயத்துக்கு வருகிறேன். அடிமைகளுக்கு விடுதலை என்று அவர் போட்ட பிரகடனம் 1863 ஜனவரி 1. அதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், 1861 மே மாதம், வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கிய சூட்டிலேயே, வர்ஜீனியாவில் மூன்று பேர் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி, வடக்குப் படையின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்ட பெயருள்ள ஆட்கள். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்ட அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே அவர்களுடைய எஜமானனின் ஆள் சமாதானக் கொடி பிடித்துக்கொண்டு வந்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரும் சட்டத்தின்படி ஒப்படையுங்கள் என்றான். கோட்டைத் தளபதி பட்லர் தொழிலால் வக்கீல். "நாங்கள் தனி நாடு என்று சொல்லிப் பிரிந்துபோனது நீங்கள்தானே, எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்கிற ரீதியில் பதில் சொல்லி, இவர்கள் போரில் கைப்பற்றிய சரக்கு என்று வைத்துக்கொண்டார்.

சரக்கு என்று சொன்னது கேவலம்தான். ஆனால் செய்தி பரவியது. அடுத்தடுத்த நாட்களில் குடும்பம் குடும்பமாக அந்தக் கோட்டையை நோக்கி வந்தார்கள், போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில். வந்தவர்களை என்ன செய்வது என்று வாஷிங்டன் மண்டையை உடைத்துக்கொண்டு புதுச் சட்டங்கள் போட வேண்டி வந்தது. பிரகடனத்துக்குப் பிறகு கறுப்பின ஆண்கள் சுமார் 1,80,000 பேர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். பேனா லிங்கனுடையது. ஆனால் அந்தத் தாளை அவர் மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனவர்களில் படகில் வந்த இந்த மூன்று பேரும் உண்டு.

இன்னொன்று. மன்றோ கோட்டை இருக்கும் முனைக்குப் பெயர் பாயிண்ட் கம்ஃபர்ட். 1619-ல் ஆங்கிலேய வர்ஜீனியாவில் முதன்முதலாக ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கிய அதே இடம்.

இரவு ஷிஃப்ட்:

அக்கா, நான் பன்னிரண்டு வருஷமா மெடிக்கல் டிரான்ஸ்க்ரிப்ஷன். காதில் ஹெட்ஃபோன், காலில் பெடல், அமெரிக்க டாக்டர்கள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவதை டைப் அடிப்பது. அதனால் குரல் விஷயத்தை நான் சொல்கிறேன், தாள் விஷயத்தை சார் சொல்லிவிட்டார்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில், அடிமையாக இருந்தவர்களின் குரல் பதிவுகள் இலவசமாக இருக்கின்றன. ஃபவுன்டன் ஹியூஸ் என்று தேடுங்கள். 1949-ல் பால்டிமோரில் பதிவு செய்தது. தனக்கு 101 வயது என்கிறார். அவருடைய தாத்தா தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாம். ஆமாம், "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள்" என்று எழுதிய அதே ஜெஃபர்சன். முதலில் வெகுநேரம் கடன் வாங்காதே, தவணையில் எதையும் வாங்காதே, கையில் காசு இருந்தால் வாங்கு என்று அறிவுரை சொல்லிக்கொண்டே போவார். நம் வீட்டுத் தாத்தாக்கள் பேசுகிற மாதிரியே. அப்புறம் ஆட்களை மாட்டைப் போல விற்றார்கள் என்று வரும். பேட்டி எடுப்பவர் இப்போதையும் அப்போதையும் ஒப்பிடச் சொல்லிக் கேட்கும்போது, மறுபடி அடிமையாக வேண்டிவரும் என்று தெரிந்தால் துப்பாக்கியை எடுத்து அங்கேயே என் கதையை முடித்துக்கொள்வேன் என்கிறார். குரல் உயராது. அதே கடன் வாங்காதே சொன்ன தொனி. ரெக்கார்டிங்கில் இரைச்சல் இருக்கும், நல்ல ஸ்பீக்கர் வைத்துப் போடுங்கள், எழுத்து வடிவமும் கூடவே இருக்கிறது.

1936 முதல் 1938 வரை அரசாங்கமே ஆள் வைத்து எடுத்த பேட்டிகள் 2,300-க்கு மேல் அங்கேயே இருக்கின்றன, ஃபோட்டோக்களோடு. ஆனால் அதைப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுக்காதீர்கள். பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள், சில ஊர்களில் பழைய எஜமானர் குடும்பத்து ஆட்களே. சொன்னவர்கள் எண்பது வயதைத் தாண்டிய ஏழைகள், காலம் அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தகாலம். "எஜமானன் நல்லவர்" என்று ஒரு பாட்டி சொன்னால், யாரிடம் சொல்கிறார், எதிரே உட்கார்ந்திருப்பவர் யாருடைய பேரன் என்று பார்க்க வேண்டும். கேட்கிறவனைப் பார்த்துத்தானே பதில் வரும். எனக்கு அந்தப் பேட்டிகளில் பிடித்தது, பேச்சு மழுப்பலாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு விவரம் தப்பி வெளியே வரும் இடங்கள்.

எதிர்ப்பு என்று கேட்டீர்கள் இல்லையா? அதற்கு எஜமானர்கள் காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்களைப் படியுங்கள். ஓடிப்போனவர்களைப் பிடிக்கப் பத்திரிகையில் போட்டவை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்து நடக்கும் "ஃப்ரீடம் ஆன் தி மூவ்" தளத்தில் ஆயிரக்கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் அடையாளம் சரியாகச் சொல்ல வேண்டும், அதனால் எஜமானன் வேறு எங்கேயும் எழுதாத உண்மையை அங்கே எழுதுவான். தச்சு வேலை தெரியும், பிடில் வாசிப்பான், படிக்கத் தெரியும், அதனால் எஜமானன் வெளியே போக அனுமதித்ததாகப் பொய்ச் சீட்டு எழுதி வைத்திருக்கலாம், முதுகில் தழும்பு உண்டு, இன்ன ஊரில் இவன் மனைவி இருக்கிறாள், அங்கே போயிருப்பான். எல்லாமே அவன் வாயாலேயே! ஜெஃபர்சன் 1769-ல் சாண்டி என்ற செருப்புத் தைப்பவருக்காகப் போட்ட விளம்பரம் இருக்கிறது, இடதுகைப் பழக்கம் என்பது வரை எழுதியிருக்கிறார். பிற்பாடு ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் 1804-ல் போட்டது இன்னும் மோசம். பிடித்துக்கொடுத்தால் 50 டாலர், அதோடு பிடிப்பவர் கொடுக்கும் ஒவ்வொரு நூறு சவுக்கடிக்கும் பத்து டாலர் கூடுதல், முந்நூறு அடி வரை. இருபது டாலர் நோட்டில் இருக்கிறாரே, அவர்தான்.

ஓனா ஜட்ஜ் கதையை உங்கள் பெண்களுக்குச் சொல்லுங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டில், அவர் மனைவியின் தனிப் பணிப்பெண். 1796 மே மாதம், ஃபிலடெல்ஃபியாவில் வாஷிங்டன் குடும்பம் சாப்பாட்டில் இருந்தபோது வெளியேறி, பிறகு கப்பலேறிவிட்டார். கல்யாணச் சீராகத் தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எடுத்த முடிவு. நாட்டின் ஜனாதிபதியே ஆள் அனுப்பியும் பிடிக்க முடியவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் ஏழையாகவே வாழ்ந்து 1848-ல் இறந்தார். வயதான காலத்தில் பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்திருக்கிறார், பெயரோடு, வாஷிங்டன் பெயரையும் சொல்லி.

இன்னொருவர் ஹாரியட் ஜேக்கப்ஸ், வட கரோலினா. எஜமானன் ஒரு டாக்டர், சின்னப் பெண்ணாக இருந்ததில் இருந்தே தொல்லை. 1835-ல் அவன் போட்ட விளம்பரம் இருக்கிறது, 100 டாலர் சன்மானம், தையல் நன்றாகத் தெரிந்தவள் என்று எழுதியிருப்பான். வடக்கே ஓடியிருப்பாள் என்று அவன் தேடி அலைந்தபோது, இவர் அதே ஊரில் தன் பாட்டி வீட்டுக் கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் படுத்திருந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், உயரமான இடத்திலேயே மூன்று அடி. கிட்டத்தட்ட ஏழு வருஷம். சுவரில் துளை போட்டு, கீழே விளையாடும் தன் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு. அம்மா மேலே இருப்பதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. அங்கே படுத்துக்கொண்டே அந்த டாக்டருக்குக் கடிதம் எழுதி, தெரிந்தவர் மூலமாக நியூயார்க்கில் இருந்து தபாலில் போட வைத்தார். அவன் அதை நம்பி அங்கேயே தேடட்டும் என்று!

1842-ல் தப்பினார், 1861-ல் வேறு பெயரில் தன் கதையைப் புத்தகமாகப் போட்டார். பிற்பாடு வெகுகாலம் அதைக் கற்பனை, யாரோ வெள்ளைக்காரப் பெண் எழுதியது என்று தள்ளிவைத்தார்கள். 1980-களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் ஜேக்கப்ஸின் சொந்தக் கடிதங்களை வைத்து, அவரே எழுதினார், நடந்ததைத்தான் எழுதினார் என்று நிரூபித்தார். காப்புரிமை முடிந்த புத்தகம், இலவசமாகக் கிடைக்கிறது.

பிள்ளைகளுக்குக் கையால் செய்ய ஒரு வேலை வேண்டும் என்றால், ஸ்மித்சோனியன் தன்னார்வலர்களை வைத்து விடுதலைக்குப் பிந்தைய அரசாங்கத் துறையின் கையெழுத்துத் தாள்களை டைப் அடிக்கிறது. எந்த ஊரில் இருந்தும் சேரலாம். லீவு நாட்களில் நான் செய்கிறேன். 1866-ஆம் வருஷத்துக் குமாஸ்தா எழுத்து, எங்கள் டாக்டர்கள் குரலைவிடத் தெளிவு.

நேராகக் கேட்பவன்:

எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு வர்ஜீனியா எதற்கு? தஞ்சாவூரில் பண்ணையாள் இல்லையா, படியாள் இல்லையா? நிலத்தோடு சேர்த்து ஆளை எழுதிக்கொடுத்த பத்திரங்கள் இல்லையா? கம்பெனி அரசாங்கம் 1843-ல் சட்டம் போட்டுத்தான் அடிமை உரிமையைக் கோர்ட்டில் செல்லாது என்றது. அதை எந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? தூரத்துத் துயரத்துக்கு அழுவது சுலபம்.

வியாசர்பாடி வாசகி:

நீங்கள் சொல்வதில் உள்ள கோபம் எனக்குப் புதிது இல்லை, எங்கள் மாடியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கதை அது. ஆனால் "அதுவா இதுவா" என்று யார் சொன்னது? ஜோதிராவ் ஃபுலே 1873-ல் "குலாம்கிரி" (அடிமைத்தனம்) எழுதியபோது, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். நம் ஆட்களும் அவர்களை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. 1946-ல் கறுப்பின அமெரிக்கர்கள் ஐ.நா.வுக்கு மனு கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டதும், அதன் பிரதி கிடைக்குமா என்று அம்பேத்கர் அவர்களில் ஒரு பெரிய அறிஞரான டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டு பாய்ஸ் பதிலும் போட்டார். ஃபுலேயும் அம்பேத்கரும் இரண்டையும் சேர்த்துத்தான் படித்தார்கள்.

மார்ச் மாதக் கூட்டம் பண்ணையாள் பற்றித்தான். பத்திரங்களைப் படிக்கத் தெரிந்தவர் தேவை. நீங்கள் வந்து பேசுங்களேன், நிஜமாகத்தான் கூப்பிடுகிறேன்.

கோட்டை ஸ்டேஷன்:

இந்த இரண்டு பேச்சும் சந்திக்கும் இடம் பீச் ஸ்டேஷனில் இருந்து ஒரு ஸ்டாப். தூரத்துத் துயரம் என்கிறாரே அதற்காகச் சொல்கிறேன்.

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் சர்ச்சில் 1680-ல் நடந்த முதல் கல்யாணமே அவருடையதுதான். சின்ன வயதில் இறந்த மகன் டேவிட்டின் கல்லறை இன்றைக்கும் ஹைகோர்ட் பக்கம் பழைய சட்டக் கல்லூரி வளாகத்துக்குள் நிற்கிறது. 1680-களில் இந்தக் கரையில் பஞ்சம். வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்டவர்களைக் கோட்டையில் இருந்து கப்பலேற்றினார்கள். செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளை அனுப்பச் சொன்ன கவுன்சிலில் யேலும் உட்கார்ந்திருந்தார். அந்தக் கவுன்சில் குறிப்புகளை இங்கேயே புத்தகங்களாக அச்சிட்டிருக்கிறார்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

1718-ல் அதே யேல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ராஜா படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றுக் கட்டடம் கட்டினார்கள், கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். யேல் பல்கலைக்கழகம் தன் அடிமைமுறைத் தொடர்புகளுக்காக 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

துணியையும் விடாதீர்கள். கோரமண்டல் கரையில் நெய்த துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆட்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் முக்கியமானவை. அப்புறம் 1786-ல் நியூ ஆர்லியன்ஸின் ஸ்பானிய கவர்னர், கறுப்பினப் பெண்கள் ரொம்ப அலங்காரமாகத் திரிகிறார்கள், தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மூடினார்கள். பளீரென்ற துணிகளை எடுத்து, எங்கே பார்த்தாலும் கண்ணைப் பறிக்கிற மாதிரி உயரமாகக் கட்டி மூடினார்கள். அதற்குப் பேர்போன துணி மெட்ராஸ் கட்டம். உங்கள் வட்டத்தில் யாராவது வீட்டில் பழைய கட்டம்போட்ட கைலி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், பேச்சு தானாக நடக்கும்.

வியாசர்பாடி வாசகி:

எல்லாருக்கும் நன்றி. ஓடிப்போனவர் விளம்பரங்களை ஏ3-யில் பிரின்ட் எடுத்துக் கொடிக்கயிற்றில் தொங்கவிடப் போகிறோம். அவற்றுக்குப் பக்கத்தில், விடுதலைக்குப் பிறகு குடும்பத்தைத் தேடி அவர்களே போட்ட விளம்பரங்களும் வரும். இதை எங்கள் பெரியவர் கண்டுபிடித்தார். 1877-ல் இருந்து நியூ ஆர்லியன்ஸில் ஒரு சபைப் பத்திரிகையில் "தொலைந்த நண்பர்கள்" என்று ஒரு பகுதி வந்திருக்கிறது. ஒரு அறிவிப்புக்கு 50 சென்ட், பாதிரிமார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் சத்தமாக வாசிக்க வேண்டும். விற்கப்பட்டு முப்பது நாற்பது வருஷம் ஆன அம்மாவைத் தேடி எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஓடிப்போனவனை எஜமானன் தேடும் விளம்பரம் ஒரு பக்கம், அம்மாவை மகன் தேடும் விளம்பரம் மறுபக்கம்.

கேஷியர் சாருக்கு ஒரு கேள்வி, அந்த பி.காம் பெண்தான் கேட்கச் சொன்னாள்: அந்த பேங்க் இப்போது இல்லையே, பணம் போட்டவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததா?

ரிட்டயர்ட் கேஷியர், அடையாறு:

கெட்டிக்காரப் பெண். எல்லாரும் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், பேலன்ஸ் ஷீட்டைக் கேட்க மாட்டார்கள்.

முழுசாகக் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் அரசாங்கக் கடன் பத்திரங்களில் மட்டும்தான் பணத்தைப் போட வேண்டும் என்று விதி. 1870-ல் அதைத் தளர்த்தி, நிலத்தின் மேல் கடன் கொடுக்கலாம் என்றார்கள். நிதிக்குழுவில் இருந்த வெள்ளைக்காரப் பெரிய மனிதர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுத்தார்கள், ஈடு சரியாக இல்லாமல். 1873-ல் சந்தை சரிந்தது. 1874 மார்ச்சில் டக்ளஸைத் தலைவராக உட்கார வைத்தார்கள். கப்பலில் ஓட்டை விழுந்த பிறகு அவர் கையில் சுக்கானைக் கொடுத்த கதை. தன் சொந்தப் பணம் 10,000 டாலரையும் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் நிலைமை தெரிந்ததும் மூடச் சொன்னவர் அவரே. ஜூன் 29-ல் கதவைச் சாத்தினார்கள். கணக்கு வைத்திருந்தவர்கள் 61,000 பேருக்கு மேல், கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். பாஸ்புக்கில் லிங்கன் படத்தைப் பார்த்து அரசாங்கமே பொறுப்பு என்று நம்பிப் போட்டவர்கள். அரசாங்கம் எந்த உத்தரவாதமும் கொடுத்திருக்கவில்லை. வருஷக்கணக்கில் இழுத்து, சிலருக்குப் போட்டதில் ஐந்தில் மூன்று பங்கு வரை வந்தது. பலருக்கு ஒன்றும் இல்லை.

அந்தப் பதிவேடுகளைத் தேடும் விதமாக வகைப்படுத்தியவர்கள் யார் தெரியுமா? யூட்டா மாநிலச் சிறையில் இருந்த கைதிகள். தன்னார்வமாகப் பல வருஷம் உட்கார்ந்து செய்து, 2001-ல் வெளிவந்தது, சுமார் 4,80,000 பெயர்கள். அவர்கள் செய்து வைத்ததால்தான் நீங்கள் ஃபோனில் ஒரு பெயரைத் தட்டினால் பதில் வருகிறது.

ஞாயிறு நான் வருகிறேன். அடையாறில் 29சி ஏறினால் பெரம்பூர் வரை வந்துவிடலாம், அங்கிருந்து யாராவது கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெண்ணிடம் சொல்லிவையுங்கள், ஒரு பதிவேட்டுப் பக்கத்தை எடுத்துவருகிறேன், கணக்குத் திறப்பது எப்படி என்று அவளே கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்க்கட்டும்.